தெத்துவான்: கேட்டார்கள், சொன்னேன்

வட மொராக்கோவின் தெத்துவானில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தேன். அதனால் அந்த ஊரைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு என் பதில்கள்:

மொராக்கோ என்றாலே பாலைவனம்தானே? அங்கேயும் ஒட்டகமும் மணலுமா?

மணல் வேண்டுமென்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி, மார்ட்டில் கடற்கரைக்குப் போகவேண்டும். ரீஃப் மலைப்பகுதியில், தெர்சா மலைச் சரிவில் இருக்கிறது ஊர். எதிரே கோர்கிஸ் மலை, நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் மழை பிய்த்து உதறும். குடை எடுக்காமல் போய் இரண்டு முறை காய்ச்சலில் படுத்தேன். டாஞ்சியரிலிருந்து சுமார் 60 கி.மீ., ஸ்பெயின் வசமுள்ள செயுத்தாவிலிருந்து சுமார் 40.

பெயருக்கு என்ன பொருள்?

வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பர்களின் மொழியில் 'தித்தாவின்' என்றால் கண்கள். இங்கே நீரூற்றுகளைக் குறிக்கிறது. நாம் ஊற்றுக்கண் என்கிறோமே, அதேதான். பழைய ஊரின் தெருக்களுக்கு அடியில் மண்குழாய்கள் வழியே ஊற்றுநீரை வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கொண்டுபோன பழைய அமைப்புக்கு 'ஸ்குந்தோ' என்று பெயர். அந்தப் பழைய ஊரைத்தான் 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மக்கள் அரபிகளா, பெர்பர்களா?

இப்படிக் கேட்டால் அந்த ஊர்க்காரர் சிரிப்பார். "நாங்கள் அந்தலுஸ்" என்பார், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிரனாடாவிலிருந்து வந்த அகதிகள் அல்-மந்த்ரி என்ற தளபதியின் தலைமையில், இடிந்து கிடந்த ஊரை எடுத்துக் கட்டினார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் துரத்திவிட்ட மொரிஸ்கோக்களில் (கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்) பலரும் இங்கே வந்தார்கள். 1830-இல் பிரான்ஸ் அல்ஜீரியாவில் புகுந்த பிறகு அங்கிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஐந்து வேளை தொழும் முஸ்லிம் குடும்பத்துக்கு 'தோரஸ்' என்று ஸ்பானியக் குடும்பப்பெயர் இருக்கும். ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த தேசியத் தலைவர் அப்துல் காலிக் தோரஸ் இந்த ஊர்தான்!

சுற்று மலைகளில் இருப்பவர்கள் ஜ்பாலா மக்கள். அவர்கள் பேசுவதும் அரபிதான். சந்தை நாளில் அந்தப் பெண்களைப் பார்க்கவேண்டும்: இடுப்பில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி, தலையில் கம்பளிக் குஞ்சம் தொங்கும் அகலமான ஓலைத்தொப்பி, முன்னால் வெள்ளை வெளேரென்று ஆட்டுப்பால் கட்டி. அந்தப் பாலாடைக்கட்டியைச் சுடு ரொட்டியில் வைத்துத் தின்றதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கும் காலைச் சாப்பாடு.

ஒரு பெண் ஆண்டாராமே?

ஆமாம், சய்யிதா அல்-ஹுர்ரா. 1515 முதல் 1542 வரை. போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குச் சிம்மசொப்பனம். சுல்தான் அவரை மணக்க விரும்பியபோது, "நான் உங்கள் தலைநகர் ஃபெஸ் வரமாட்டேன்" என்று சுல்தானையே தெத்துவானுக்கு வரவைத்தார்.

பிரெஞ்சு தெரிந்தால் சமாளிக்கலாமா?

அலுவலகத்தில் சமாளிக்கலாம். தெருவில் ஸ்பானிய மொழிதான் கைகொடுக்கும், அதிலும் வயதானவர்களிடம். 1956 வரை வட மொராக்கோவில் ஸ்பெயின் ஆண்ட 'பாதுகாப்புப் பகுதி'க்கு இதுதான் தலைநகரம். பிரான்ஸ் ஆண்ட தெற்கே கடற்கரைக்குப் பிரெஞ்சில் 'ப்ளாஜ்' என்பார்கள், இங்கே ஸ்பானியத்தில் 'ப்ளாயா'. வீட்டில் பேசுவது தாரிஜா, அதாவது மொராக்கோ அரபி. பழைய நகரத்துக் குடும்பங்கள் தொண்டையிலிருந்து வரும் 'க' ஒலியையே விழுங்கிவிடுவார்கள். 'கால்' (சொன்னான்) என்பது 'ஆல்' ஆகிவிடும். முதல் வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

யூதர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து 1492-இல் விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பழைய ஸ்பானியம், எபிரேயம், அரபி கலந்த 'ஹக்கெத்தியா' அவர்கள் மொழி. 1862-இல் அலியான்ஸ் என்ற பிரெஞ்சு யூத அமைப்பு தன் முதல் பள்ளியை இங்கேதான் திறந்தது. பெரும்பாலோர் தென் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டார்கள்.

கால்பந்து?

1951-52 பருவத்தில் அத்லெத்திகோ தெத்துவான் ஸ்பெயினின் முதல் டிவிஷனில் ஆடியது. ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. விடுதலைக்குப் பின் வந்த மொக்ரெப் தெத்துவான் 2012-இலும் 2014-இலும் மொராக்கோ லீக்கை வென்றது.

ஓட்டல் தேடினால் மாட்ரிடில் காட்டுகிறதே?

1860 போரில் ஸ்பெயின் இந்த ஊரைப் பிடித்தது. திரும்பிய படை மாட்ரிடுக்கு வெளியே கூடாரம் அடித்த இடத்துக்கு 'தெத்துவான்' என்றே பெயர் நின்றுவிட்டது. பணம் கட்டுவதற்குமுன் நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.