கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை தேடுகிறது: வயசா, நோயா?

கேள்வி: எனக்கு 63 வயது, கல்லிடைக்குறிச்சி, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சுகருக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை. சைவம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது பிடிக்க ஏதாவது கிடைக்காதா என்று இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் கீழே உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தால் சில நாள் கிறுகிறுவென்று வருகிறது. வயசானால் இப்படித்தான் என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

பதில்: பாதி அப்படித்தான் அண்ணாச்சி, பாதி இல்லை. நரை, தோல் சுருக்கம், பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது எல்லாம் வயசு, அதற்கு மெனக்கெட வேண்டாம் (தலைக்கு மை அடிப்பது உங்கள் இஷ்டம், அரிப்பு வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்). படித்துறையும் பந்தியும் வேறு கணக்கு. அது தொடைத் தசை. முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைந்துகொண்டே வரும், அறுபதைத் தாண்டினால் வேகம் கூடும், பலம் அதைவிடச் சீக்கிரம் போகும். எடை மெஷினில் இது பிடிபடாது, ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து வருடமாக ஒரே எடை என்று பெருமைப்படுகிறவர்களின் தொடையைத் தொட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருக்கும். நல்ல செய்தி, எண்பது வயதில் ஆரம்பித்தாலும் இந்தப் பலம் ஓரளவு திரும்பும்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுசாக எழுந்து முழுசாக உட்கார்ந்து, ஐந்து தடவை, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. வீட்டில் ஒருவர் போனில் நேரம் பார்க்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று ஆசிய மருத்துவர் குழு 2019இல் அளவு வைத்திருக்கிறது. கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் சோதனையே தேவையில்லை, விஷயம் தெரிந்துவிட்டது.

தினமும் நடக்கிறேனே என்பீர்கள். நடையை விடாதீர்கள், இதயத்துக்கும் சுகருக்கும் அது நல்லது, ஆனால் சமதரையில் நடப்பதில் தொடைக்குப் பெரிதாக வேலை இல்லை, எழுந்திருக்கிற பலம் எழுந்திருந்து பழகினால்தான் வரும். முன்பு தரையில் சாப்பாடு, பாயில் தூக்கம், குத்தவைத்துக் கக்கூஸ் என்று நாள் முழுக்க அந்தப் பழக்கம் தானாக நடந்தது. அப்புறம் டைனிங் டேபிள், கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வந்தன. முட்டி தேய்ந்தவர்களுக்கு அவை வரம்தான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் பழக்கம் போய்விட்டது.

அதனால் அதே நாற்காலியில் பத்துப் பத்தாக இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் கை ஊன்றியே எழுந்திருங்கள், பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல். மேலே வருவதைவிடக் கீழே இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது: பொத்தென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். சுலபமாகிவிட்டது என்றால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் முன்னேற்றம் நின்றுவிடும். கூடவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பாசி பிடித்த படித்துறையை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டாம், இடுப்பு எலும்பு உடைந்து படுத்தால் மிச்சத் தசையும் போய்விடும்.

சாப்பாட்டில் நம்மூர்ச் சைவத்துக்கு ஒரு குறை, புரதம் போதாது. இந்த வயதில் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. காலையில் மூன்று இட்லி, மதியம் குழம்பு ஊற்றிச் சோறு, ராத்திரி சுகருக்குப் பயந்து இரண்டு சப்பாத்தி என்றால் இதில் பாதி வருவதே கஷ்டம். 50 கிராம் உளுந்தில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. கறுப்பு உளுந்து போட்ட உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நம் வீடுகளில் தெரியாததா, அதில் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டுங்கள். சாயங்காலம் முறுக்குக்குப் பதில் சுண்டல். இரண்டு வேளையாவது தயிர், பன்னீர், பருப்பு இப்படி ஏதாவது கெட்டியாக இருக்க வேண்டும். உளுந்தங்களி நல்லதுதான், ஆனால் கருப்பட்டி என்பதற்காகச் சுகர் ஏறாமல் இருக்காது, அது ஏற்றத்தான் செய்யும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

ராத்திரிக் கிறுகிறுப்பை வயசின் கணக்கில் எழுத வேண்டாம். படுத்து எழும்போது பிரஷர் இறங்குகிறதா பாருங்கள்: ஐந்து நிமிடம் படுத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் பிரஷர் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும், சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் வரும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அளவை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதுவரை எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள், கக்கூஸ் வரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

இன்னொன்று, மெட்ஃபார்மின் வருடக்கணக்கில், அதோடு சைவம், இரண்டும் சேர்ந்தால் பி12 வைட்டமின் குறைய வாய்ப்பு அதிகம். உள்ளங்கால் மரமரப்பு, இருட்டில் தள்ளாட்டம், மறதி என்று வந்து நிற்கும், எல்லாரும் வயசு என்றே விட்டுவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ. கண் புரையும் காதும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூப்பு மெதுவாக வரும். வாரக்கணக்கில் வந்தால் அது நோய்: முயற்சி இல்லாமல் எடை இறங்குவது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குவது, மலம் கறுத்துப் போவது, இதற்கெல்லாம் டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனாலோ வாய் கோணினாலோ உடனே 108.

எட்டு வாரம் கழித்து மறுபடி நாற்காலியைப் போட்டு நேரம் பாருங்கள். கொஞ்சமும் குறையவில்லை, அல்லது முட்டி வலி விடவில்லை என்றால் எழுதிவைத்த வினாடிகளோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், உங்கள் முட்டிக்குத் தக்கபடி மாற்றித் தருவார்.