பழைய ஊர் எங்கே இருந்தது? டோப்போ ஷீட்டில் தேடும் வழி

கேள்வி: எங்கள் ஊர் மானாமதுரைக்குக் கிழக்கே, தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ‘பழைய ஊர் கண்மாய்க்குத் தெற்கே இருந்தது, அங்கிருந்துதான் கிளம்பி வந்தோம்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே இப்போது ஓர் அய்யனார் கோயிலும் கருவேலங்காடும்தான். பழைய சர்வே வரைபடங்களை வைத்து அந்த இடத்தை உறுதி செய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் வரைபடம் கைக்கு வந்ததும் எல்லாரும் ஊர்ப் பெயரைத்தான் தேடுவார்கள். நீங்கள் பாதைகளைத் தேடுங்கள். அதற்கு முன்னால் சரியான தாளைப் பிடிக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது இந்திய நில அளவைத் துறையின், அதாவது சர்வே ஆஃப் இந்தியாவின், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள பழைய தாள். இந்த வகைத் தாளைத்தான் டோப்போ ஷீட் என்பார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58 என்ற எண்ணுக்குள் வரும். அதற்குள் ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பதினாறு தாள்கள். மானாமதுரை 58 கே/6 என்ற தாளின் கிழக்கு ஓரத்தில் விழுகிறது. 78 பாகை 30 நிமிடத் தீர்க்கரேகையைத் தாண்டினால் 58 கே/10. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எல்லையை ஒட்டி இருந்தால் இரண்டு தாளும் வேண்டும்.

இணையத்தில் சுலபமாகக் கிடைப்பது, 1950-களில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட யு502 வரிசை. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் அதை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டரை கிலோமீட்டர். சுற்று வட்டாரத்தைப் புரிந்துகொள்ள நல்லது, நாற்பது வீட்டு ஊரைத் தேட உதவாது. சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் இப்போதைய 1:50,000 தாள்களை இறக்கிக்கொள்ளலாம். அவற்றுக்குப் புது எண் முறை என்பதால் 58 கே என்று தேடினால் சிக்காது. பழைய ஓர் அங்குலத் தாளுக்கு அந்தத் துறையின் சென்னை அலுவலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய கல்லூரிகளின் புவியியல் துறை என்று நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். கல்லூரி அலமாரிகளைக் குறைவாக நினைக்காதீர்கள்.

தாள் கிடைத்ததும் முதலில் ஓரங்களைப் படியுங்கள். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. பல தாள்களில் புது ரோட்டையும் ரயில் பாதையையும் மட்டும் சேர்த்து மறுபடி அச்சிட்டிருப்பார்கள். வீடுகள் முதல் அளவையில் இருந்தபடியே கிடக்கும். குறிப்பு கிழிந்துபோன தாள் என்றால் ரயில் பாதையை வைத்து ஓரளவு காலம் கணிக்கலாம். மதுரை - மண்டபம் பாதை 1902-இல் வந்தது. விருதுநகரிலிருந்து மானாமதுரைக்கு வரும் பாதை 1960-களில்தான் வந்தது.

சரி, இப்போது பாதைகள். ஆளில்லாத மண் வீடு சில மழைக்காலத்தில் கரைந்துவிடும். சந்தைக்கும் கிணற்றுக்கும் பக்கத்து ஊருக்கும் போன வண்டித்தடம் அவ்வளவு சீக்கிரம் மறையாது. கண்மாய்க்குத் தெற்கே பென்சிலை வைத்து, அங்கே வந்து சேரும் தடங்களை எண்ணிப் பாருங்கள். கோயிலுக்கு மட்டும் போகிற பாதை என்றால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நாலைந்து திசையிலிருந்து வந்து வெற்றுவெளியில் கூடினால், அங்கே ஒரு காலத்தில் குடியிருப்பு இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பக்கத்தில் கிணற்றுக் குறியோ ஊருணி மாதிரி ஒரு சின்ன நீர்நிலையோ இருந்தால் இன்னும் நல்லது. ஆள் வாழும் ஊரை நிரப்பிய கட்டங்களாகவும், கைவிட்ட ஊரை வெறும் கோட்டுக் கட்டங்களாகவும் காட்டும் வழக்கமும் உண்டு. அந்தக் குறி இருந்தால் வேலை சுலபம்.

அய்யனார் கோயிலை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். அய்யனார் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ எல்லையிலோதான் இருப்பார். அதனால் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தேடுங்கள். பிள்ளையார் கோயில் மேடை, மந்தை, சாவடி, பழைய புளியமரம் என்று எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘கண்மாய்க்குத் தெற்கே’ என்ற பேச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பக்கம் நிலம் கிட்டத்தட்ட தட்டை. பழைய தாளில் சம உயரக் கோடுகள் ஐம்பது அடிக்கு ஒன்றுதான் என்பதால், தாள் முழுக்கத் தேடினாலும் சிலதான் தென்படும். சரிவைக் காட்டுவது கண்மாய்க் கரைதான். கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். அந்த வட்டாரத்தில் தண்ணீர் பொதுவாகத் தென்கிழக்காக ஓடுவதால், கண்மாய்க்குத் தெற்கே என்றால் பல இடங்களில் மடைக்குக் கீழே, நஞ்சைப் பக்கம். நஞ்சைக்கு நடுவே யாரும் லேசில் வீடு கட்ட மாட்டார்கள். ஆகவே கரையின் ஒரு முனையை ஒட்டியோ வயலுக்கு நடுவே ஒரு திடலிலோதான் ஊர் இருந்திருக்கும்.

அந்த இடத்தைப் போனில் காண, தாளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே தட்டாதீர்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணக்கில் போட்டவை, போன் வேறு கணக்கில் ஓடுகிறது. உங்கள் பக்கம் நூறு, இருநூறு மீட்டர் விலகும். ஒரு சின்ன ஊரைத் தவறவிட அது போதும். வரைபடத்தை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் கண்மாய்க் கரை முனை, பழைய கோயில், ரயில்வே பாலம் என்று இடம் மாறாத நாலைந்து புள்ளிகளைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துங்கள். ரோட்டு முக்கை எடுக்க வேண்டாம், ரோடுகள் நகரும்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் பாருங்கள். இப்போதைய ஊரிலிருந்து விலகி ஏதாவது ஒரு சர்வே எண் ‘நத்தம்’, அதாவது குடியிருப்பு நிலம், என்று பதிவாகியிருந்தால் அது பெரிய சான்று. ஆனால் அந்த ஆவணத்தின் வயது வேறு. உங்கள் பகுதி 1803-இலிருந்து ஜமீன் நிலமாக இருந்தது. விவசாயிகள் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்த விரிவான நில அளவை, ஜமீன் ஊர்கள் பலவற்றுக்கு 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் ஊர் இடம் மாறியிருந்தால் கிராம ஆவணத்தில் நத்தம் இல்லாமலே போகலாம். அப்போது டோப்போ ஷீட்தான் மூத்த சாட்சி.

ஏன் கிளம்பினார்கள் என்பதை எந்தத் தாளும் சொல்லாது. கண்மாய் உடைப்பா, காலராவா, சண்டையா, ரோட்டு வசதியா என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும். ‘பழைய ஊர் எங்கே?’ என்று நேரடியாகக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். பெரிதாக்கி அச்செடுத்த வரைபடத்தை முன்னால் வைத்து, மடைகளின் பெயரையும் புஞ்சைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். பட்டாவில் இல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கும்.

இந்த வரைபடத்தை வைத்து நில உரிமை பேச வேண்டாம். டோப்போ ஷீட்டில் பட்டா எல்லை கிடையாது. இடத்துக்குப் போனால் பானை ஓடு கண்ணில் படலாம். தோண்டாதீர்கள், எடுத்து வரவும் வேண்டாம். படமும் அமைவிடமும் மட்டும் பதிந்துகொண்டு மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். காசோ சிலையோ மண்ணிலிருந்து வெளிப்பட்டால் 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.