கராஜுக்குப் போனால் கௌரவம் குறையுமா?

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு மோட்டார் மெக்கானிக் படிக்கப் போகிறேன் என்கிறான். சொந்தக்காரர் சிரிக்கிறார்கள்.
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்: சிரிப்பவர்களின் வாகனமும் ஒருநாள் நடுவழியில் நிற்கும், அம்மா. நான் வயரிங் படிக்கப் போனபோது அப்பா ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் எங்கள் கிணற்று மோட்டர் எரிந்தது. நான்தான் கொயில் சுற்றிக் கொடுத்தேன். அன்று தேத்தண்ணி அவரே கொண்டுவந்து தந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்.வி.கியூ. என்ற இலங்கையின் தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள். 4 எடுத்தால் தேர்ந்த தொழிலாளி; 5, 6 டிப்ளோமா; 7 பட்டத்துக்குச் சமம். படிப்பு கராஜோடு நின்றுவிடாது. சேருமுன் அந்தப் பயிற்சிநெறி எந்த மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றது என்று கேளுங்கள். வெறும் தாள் தரும் இடங்களும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது; மகனோடு ஒருநாள் போய்ப் பாருங்கள்.