வன்னிப் பிரதிநிதிகள் ஆமி (இராணுவம்), காணி பற்றிப் பேசுவதால் ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை எல்லாம் தேர்தல் நாடகமா?

வெறும் பேச்சால் ஒரு ஏக்கர்கூட விடுபட்டதை நான் முல்லைத்தீவில் பார்த்ததில்லை. அதற்காக நாடகம் என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். யார் பேசுகிறார், எந்த இடத்தில் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

மாகாண சபை உறுப்பினர் என்றால் பாவம், வாய் மட்டும்தான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணத்துக்குக் கொடுத்த கையோடு, அரச காணி குடியரசுக்கே உரியது என்றும் சொல்கிறது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. ஐந்தே நாளில், அரச காணி அதிகாரம் மத்திய அரசுக்கே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2018 ஒக்டோபரோடு சபையின் காலமும் முடிந்தது; பிறகு தேர்தலே வைக்கவில்லை.

எம்.பி. பேச்சுக்குக் கொஞ்சம் பெறுமதி உண்டு. பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்ட்டில் ஏறும், கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், பாராளுமன்ற உரையைவிட பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் பெரிது. காணி அதிகாரி, வன இலாகா, பிரதேச செயலாளர், எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அங்கே "இராணுவமே வெளியேறு" என்றால் கைதட்டு விழும், அவ்வளவுதான். "இன்ன கிராமத்தில், அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த இன்ன வயலுக்குள் எல்லைக்கல் போட்டது யார்?" என்று கேட்டால் அதிகாரி கோப்பைப் புரட்டத்தான் வேண்டும்.

இந்த எல்லைக்கல் விவகாரத்தை வெளியூர்க்காரர் பலர் அறியமாட்டார்கள். காணிப் பிரச்சினை என்றால் ஆமி முகாம் மட்டும் என்று நினைக்கிறார்கள். சண்டைக்காலத்தில் சனம் ஓடியபின் வயல் பற்றைக் காடாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வன இலாகா எல்லைக்கல் போட்டு, அது ஒதுக்கக் காடு என்கிறது. உள்ளே போனால் பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற இடத்தில் வரம்பு மேடு காலில் தட்டும், இடிந்த கிணற்றுக்கட்டு இருக்கும். காட்டுக்குள் யார் கிணறு கட்டினார்களாம்? அனுமதிப்பத்திரத்தைக் காட்டலாம் என்றால் அது கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில், பதுங்குகுழிக்குள் போய்விட்டது.

இந்த நிலையில்தான் 2025 மார்ச் 28இல் காணி உரிமை பற்றிய வர்த்தமானி (அரச அறிவித்தல்) வந்தது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கர் அளவு. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்றார்கள். சொந்தக்காரரில் பலர் கனடாவிலோ தமிழ்நாட்டிலோ இருக்க, யார் வந்து கோருவது? எம்.பி.க்கள் பாராளுமன்றத்தில் சத்தம் போட்டார்கள், வெளியே வழக்கும் போனது. ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிறகு அரசே வர்த்தமானியை மீளப் பெற்றது. பேச்சு தனியாக இதைச் செய்திருக்காது. ஆனால் மூன்று மாதக் கெடு ஓடுவது பலருக்குத் தெரியவந்ததே அந்தச் சத்தத்தால்தான்.

முகாம் காணி வேறு கதை. 2017 ஜனவரி 31 முதல் முல்லைத்தீவின் பிலக்குடியிருப்புச் சனங்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் பிள்ளைகளோடு வீதியில் இருந்தார்கள். மார்ச் 1இல் காணி கிடைத்தது. அரசியல்வாதிகள் வந்தார்கள், பேசினார்கள், படம் எடுத்தார்கள். இரவில் பனியில் படுத்தது பெண்கள். அதே மாவட்டத்து வட்டுவாகலில் கடற்படைக்கு 600 ஏக்கருக்கு மேல் அளக்க வந்தபோதும் நில அளவையாளரைத் திருப்பி அனுப்பியது வழியை மறித்து நின்ற கூட்டம்தான். அங்கே முல்லைத்தீவு அரசியல்வாதி ரவிகரன் போன்றவர்களும் கூட நின்றார்கள், அதை மறைக்கக்கூடாது. எனக்கு அவருடைய உரைகளைவிட அந்த நிற்பில்தான் மதிப்பு.

சரி, உங்கள் ஊர்க் காணி பற்றி யாராவது பேசப்போகிறார் என்று தெரிந்தால், முதல் நாளே அனுமதிப்பத்திரப் பிரதியையும் வரைபட இலக்கத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "எங்கள் மண்" என்று தொடங்கி "எங்கள் மண்" என்றே முடித்துவிட்டு இறங்கிவிடுவார்.