மீன் இல்லாத ஒரு மண்டலம்

வணக்கம் சார்,

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. அபாகஸ், கீபோர்டு, இந்தி, செஸ் என்று நான்கு வகுப்புகளுக்குப் போகிறார்கள். மீதி நேரமெல்லாம் போன்தான். இந்தக் கோடை விடுமுறைக்கு வேறென்ன வகுப்பில் சேர்க்கலாம்? உயிருள்ள ஏதாவது வளர்த்தால் பொறுப்பு வரும் என்றார்கள். போன மாதம் கண்ணாடிக் குடுவையில் இரண்டு கோல்டுஃபிஷ் வாங்கினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை முழுக்கக் கொட்டி, குடுவையைத் தேய்த்துக் கழுவி, சுத்தமாகத்தான் வைத்திருந்தோம். ஐந்தாம் நாள் ஒன்று செத்தது. மகன் பள்ளியிலிருந்து வருவதற்குள் அதே மாதிரி இன்னொன்று வாங்கி விட்டுவிட்டேன். பத்து நாளில் எல்லாமே போய்விட்டன. "நான் சாப்பாடு அதிகமா போட்டேனாம்மா?" என்று அழுகிறான். நாய்க்குட்டி வாங்கித் தரலாமா? இல்லை கிளியா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கிளி வேண்டாம். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய்க்குட்டியைப் பற்றிப் பிறகு பார்ப்போம். வகுப்பு விஷயத்தில் எனக்கு ஆலோசனை ஏதுமில்லை; இருக்கும் நான்கில் இரண்டை நிறுத்துங்கள்.

மகன் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அவன் கொல்லவில்லை. போட்ட உணவு கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனால் அந்தக் குடுவையில் எப்படிப் போட்டிருந்தாலும் அவை பிழைத்திருக்காது. இதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். செத்த மீனை மறைத்துப் புதியதை விட்டீர்களே, அதையும் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மீனின் வாலில் இருந்த புள்ளி எத்தனை என்றுகூடத் தெரிந்திருக்கும். அவன் கண்டுபிடித்துவிட்டு, உங்களுக்காகப் பேசாமல் இருந்திருக்கவும் கூடும்.

மீன் ஏன் செத்தது? மீனின் செவுளிலிருந்து அம்மோனியா ஓயாமல் வெளியேறுகிறது. மிஞ்சிய உணவு அழுகினால் அதுவும் அம்மோனியாதான். ஐந்து லிட்டர் குடுவையில் இது ஓரிரு நாளிலேயே விஷமாகும். குளத்தில் ஆகாததற்குக் காரணம் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர்பவை. நீங்கள் தேய்த்துக் கழுவியது அவற்றைத்தான். பிறகு குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றியிருப்பீர்கள். மிச்சம் மீதி இருந்ததும் போயிருக்கும். உங்கள் சுத்தம்தான் கொன்றது, அம்மா. கடைக்காரர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோல்டுஃபிஷ் ஒரு சாண் வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும் மீன். அதைக் குடுவையில் போட்டு விற்பதே தப்பு.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்குங்கள். ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை எழுபது கிலோவை நெருங்கும், அதனால் டீப்பாய் மேல் வைக்க வேண்டாம். அடியில் தெர்மாகோல் அட்டை போடுங்கள். பலகை சமமாக இல்லாவிட்டால் கண்ணாடி விரியும். ஜன்னல் வெயில் நேராகப் பட்டால் பாசி பிடிக்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையேல் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள். மறந்தால், கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கிப் பம்பை நனைத்துவிடும். ஹீட்டர் திருச்சிக்குத் தேவையில்லை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதீர்கள், அதில் மீனுக்கு வேண்டிய உப்புகள் இருக்காது. குழாய்த் தண்ணீரில் கடையில் விற்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்தால் போதும்.

இவ்வளவும் செய்துவிட்டு மீனை விடாதீர்கள்.

இதற்காகத்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். காலித் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போடச் சொல்லுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா மெல்லப் பெருகும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒரு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனைக் குழாயில் நீரெடுத்து, சொட்டுகளை எண்ணி விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, மகள் வரைபடத் தாளில் புள்ளி வைக்கட்டும். முதலில் அம்மோனியாக் கோடு ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் விழுந்தபின் நைட்ரேட் மட்டும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தினமும் உணவு போட்டு வளர்த்து, அது வளர்ந்ததைக் கணக்கில் மட்டும் பார்ப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

முதல் வாரத்தில் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுக்கும். பயந்துபோய்க் கொட்டிவிடாதீர்கள், அதுவாகத் தெளியும். மூன்றாம் வாரம் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும், "எப்பம்மா மீன்?" என்று அரிப்பார்கள். அலுக்கட்டும். அந்த அலுப்பை நிரப்பப் புதிதாக ஒரு வகுப்பைத் தேடி ஓடாதீர்கள். பிள்ளைகளை ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்க விடாத வீடு ஆறாத தோசைக்கல் மாதிரிதான், எதை ஊற்றினாலும் கருகும்.

இன்னொரு நுணுக்கமும் மகளுக்குச் சொல்லுங்கள். தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்ணான பிஎச் ஏழிலிருந்து எட்டுக்குப் போனால், அதே அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நம் பக்கத்து போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பிஎச்சும் கூடுதல். கப்பி என்ற சின்ன மீன் அதில் நன்றாகவே வாழும், ஆனால் அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து மூன்று சோதனையில் பூஜ்யம் காட்டினால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மூன்று கப்பி வாங்குங்கள். மூன்றும் ஆணாகவே இருக்கட்டும். பெண் இருந்தால் மாதம் ஒருமுறை குட்டி போடும், பிறகு ஊருக்கெல்லாம் கொடுத்தாலும் தீராது. கடைக்காரர் "டேங்க் கிளீனர்" என்று இரண்டு அங்குலக் கறுப்பு மீன் ஒன்றைத் தள்ளப் பார்ப்பார். வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும், வைக்க இடமில்லாமல் யாராவது ஏரியில் விடுவார்கள், ஏரி பாழாகும். மீன் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு கப் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

உணவு இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான், அது மகன் பொறுப்பு. வாரம் ஒருமுறை ஒரு வாளி, அதாவது பன்னிரண்டு லிட்டர், மாற்ற வேண்டும். ட்யூப் வைத்து அடிக் கசடோடு உறிஞ்சி எடுப்பது மகள் வேலை. ஸ்பாஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குழாயடிக்குக் கொண்டுபோனால் ஒரு மண்டலத்து உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

நாய்க்குட்டியைக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தொட்டி ஒரு வருடம் நின்றால் மறுபடி எழுதுங்கள்.

அதுவரை, அந்த மூன்று பூஜ்யம் விழுந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். நாள் தவறியிருந்தாலும் பரவாயில்லை, விட்டுப்போன கட்டங்களை நீங்கள் உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.