கேள்வி: அடுத்த வருடம் கென்யாவின் மசாய் மாரா காட்டுக்குப் படம் எடுக்கப் போகிறேன். தூரத்தை நெருக்கிக் காட்டும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா? இருப்பது கடலூர், இதுவரை ஒரு பறவைகூட எடுத்ததில்லை.

வாங்கலாம். கிளம்புகிற வாரத்தில் மட்டும் வாங்காதீர்கள். மாராவில் வில்டபீஸ்ட் என்ற மான் இனத்தின் கூட்டம் ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை. நம் ஏரிகளில் வலசைப் பறவைகள் நிறைந்திருப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்கழியில் இங்கே கையைப் பழக்கிக்கொண்டு ஆடியில் அங்கே போகலாம்.

"வீராணம் ஏரிக் கொக்கும் ஆப்பிரிக்கச் சிங்கமும் ஒன்றா?" என்று கீழே கமெண்டில் ஒருவர் கேட்க வருவார், தெரியும். ஷட்டருக்கும் வெளிச்சத்துக்கும் ஒன்றுதான் சார்.

உங்களிடம் இருப்பது ஏபிஎஸ்-சி, அதாவது சின்ன சென்சார் கேமரா என்று எடுத்துக்கொள்கிறேன். நிக்கான், சோனியில் 600 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் கேமராவின் 900 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும், கைநடுக்கத்தையும் சேர்த்து. நிற்கும் பறவைக்கே ஷட்டர் வேகம் 1/1000 நொடி வையுங்கள், பறப்பதற்கு 1/2000க்குக் குறையக் கூடாது. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/6.3 அல்லது 8. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஆட்டோவில், மேல்வரம்பு 6400. நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) வருமே என்று ஐஎஸ்ஓவை 400இல் பூட்டி வைப்பவர்களுக்குத்தான் ஷட்டர் மெதுவாகிப் படமெல்லாம் ஷேக் ஆகிறது. நாய்ஸை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். ஷேக் ஆன படத்தை அழிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தில் வெளிச்சம் எவ்வளவு என்பது. கருத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமராவின் மீட்டர் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், இறகில் கோடே தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (+/- பொத்தான்) மைனஸ் 0.7 முதல் 1 வரை இறக்குங்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே கருத்த நீர்க்காகம் என்றால் தலைகீழ்: பிளஸ் 1, சில நேரம் அதற்கும் மேல். மாராவில் காய்ந்த புல் நடுவே காட்டெருமை நின்றாலும் இந்த பிளஸ் கணக்குதான்.

இந்தப் பக்கம் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம், வெளிச்சம் நேரே பறவைமேல் விழும். மாலையில் அதே இடம் எதிர்வெளிச்சம். வீராணம், பெருமாள் ஏரி, புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரி எதுவானாலும் விடிந்ததும் போய்விடுங்கள். ஊசுட்டேரி 2008 முதல் சரணாலயம், அதனால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஒன்பது மணிக்கு மேல் தூரத்தில் இருக்கும் கூழைக்கடாவை எடுத்தால் கண் இருக்கும் இடம் கொழகொழவென்று இருக்கும். சூடேறிய காற்று அசைவதால் வரும் கானல் அது. லென்ஸ் ஷார்ப் இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கிட்டே இருப்பதை எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். மாராவிலும் இதே தொல்லை உண்டு. போதாததற்கு ஜீப் பானெட்டின் சூடும் லென்ஸுக்கு முன்னால் எழும். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வும் நிற்கும்.

பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தின்மேல் கல்லெறிகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனி, ஞாயிறு ஆனால் வெளியூர்க் கார்கள் கரையை அடைத்து நிறுத்திப் பாட்டும் போடுகின்றன.  நீங்கள் வாரநாளில் போங்கள்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நம் கடலோரப் புழுக்கத்துக்கு எடுத்தால் கண்ணாடி உடனே வியர்க்கும். அறையிலேயே பையில் வைத்து ஜிப்பை மூடி, வெளியே வந்து அரைமணி கழித்துத் திறங்கள். பிற்காலத்தில் நார்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் மாதிரிப் பனிப்பகுதிக்குப் போனால் குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது இதையே செய்ய வேண்டும். அங்கே 2025 முதல் பனிக்கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்கலாம், மார்ச் முதல் ஜூன் வரை 500. அவ்வளவு தூரத்தில் 600 லென்ஸிலும் கரடி சின்னதாகத்தான் தெரியும்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாரா போகும் குட்டி விமானங்களில் கைப்பையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும். டிரைபாட் (முக்காலி) வேண்டாம். வெறும் துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பீன்ஸோ நிரப்பி ஜீப் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்கு கென்யாவில் 2017 முதல் தடை. கூடுதல் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பிளக் அங்கே பிரிட்டிஷ் மாதிரி சதுர மூன்று பின், அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.