வத்தல்மலை இறக்கமும் ஏர் ஷாக்கும்

கேள்வி: எடை குறைந்த பின்பக்க ஏர் ஷாக் (காற்றழுத்தத்தில் இயங்கும் அதிர்வுத்தாங்கி) பொருத்திய என் மலைச் சைக்கிள், வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழிக்குப் பின் துள்ளுகிறது. ஷாக் பழுதா? – வாசகர், தருமபுரி.

பதில்: பெரும்பாலும் பழுதன்று. எடையைக் குறைக்கவேண்டித் தனி எண்ணெய்க் கலமின்றிச் செய்யப்படும் ஷாக்கில் எண்ணெய் குறைவு என்பதால், நீண்ட இறக்கத்தில் அது விரைவில் சூடேறி இளகி, அமுங்கிய ஷாக் மீண்டெழும் வேகத்தை அடக்க இயலாமல் போகிறது. உள்ளிருக்கும் காற்றும் வெப்பத்தால் அழுத்தம் கூடி விறைக்கிறது. எடை குறைவால் ஏற்றத்தில் சுகம் தரும் ஷாக்கின் குணம் அதுதான். நீங்கள் அமரும்போது ஷாக்கின் நகர்வில் 25 முதல் 30 விழுக்காடு அமுங்குமாறு, அதற்கென உள்ள ஷாக் பம்ப்பால் (டயர் பம்ப் உதவாது) காற்றைச் சரிசெய்து, ரீபவுண்டை (மீண்டெழும் வேகத்தை) அதன் திருகியில் ஓரிரு கிளிக் மெதுவாக்கிப் பாருங்கள். ஆறிய பிறகும் துள்ளினாலோ, தண்டில் எண்ணெய் கசிந்தாலோ, சர்வீஸ் செய்தே ஆகவேண்டும்.